அமெச்சூர் கோடு

1

அமெச்சூர் என்ற சொல் நமக்கு நாடக சபாக்கள் வழியாக வந்து சேர்ந்தது. ஆபீஸ் விட்டதும் ஒத்திகைக்கு ஓடி, அரிதாரத்தைத் துடைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவர் அமெச்சூர் நடிகர். சொல்லில் கொஞ்சம் பரிவும் நிறைய ஏளனமும் உண்டு. விசித்திரம் என்னவென்றால், கவிதை எழுதுகிற பாங்க் குமாஸ்தாவையோ தாலுகா ஆபீஸ்காரரையோ தமிழில் யாரும் அமெச்சூர் கவிஞர் என்று சொல்வதில்லை. சினிமாப் பாட்டை விட்டுவிட்டால், கவிதையால் பிழைக்கிறவன் இங்கே கிடையாது. எல்லோருமே அமெச்சூர்கள் என்பதால் அந்தச் சொல் தேவைப்படவில்லை. படம் போடுகிற குமாஸ்தா மட்டும் இதற்குத் தப்புவதில்லை. 'சாருக்கு டிராயிங் ஹாபி' என்றுதான் அவரை அறிமுகப்படுத்துவார்கள். அவரும் சிரித்துவைப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஹாபியை யாரும் விமர்சனம் செய்யப்போவதில்லை.

இந்தச் சௌகரியத்தைக் கொஞ்சம் கலைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அடுத்தவர் நோட்டைப் பிரித்து அபிப்பிராயம் சொல்வது அத்துமீறல் என்பதால் என்னுடையதையே எடுத்துக்கொள்கிறேன். பெரம்பலூரில் பதினெட்டு வருஷமாகக் குமாஸ்தா உத்தியோகம். விடிகாலையில் ஓட்டம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டிராயிங். இரண்டுக்கும் நடுவில் செய்தித்தாளும், டீக்கடையில் அதைப் பற்றிய விவாதமும். இதுவரை பதினோரு நோட்டுகள் நிரம்பியிருக்கின்றன. சென்ற மாதம் அவற்றை வரிசையாகத் தரையில் பரப்பிவைத்து, முன்பின் தெரியாத ஒருவருடையதைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

பனைமரங்கள். ஏரிக்கரை. ரஞ்சன்குடிக் கோட்டை மதில். 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்ட சாத்தனூர்க் கல்மரம், ஆறு தரம். கங்கைகொண்ட சோழபுரத்தில் சிவன் தலையில் மாலை சுற்ற, குனிந்து உட்கார்ந்திருக்கும் சண்டேசர், இருபத்து மூன்று தரம். பானை, எண்ணி மாளவில்லை. எல்லாம் ஓரளவு சுத்தமான வேலைதான். ஒளியும் நிழலும் சரியாக விழுந்திருக்கின்றன. பார்க்கிறவர்கள் 'அப்படியே இருக்கு சார்' என்று சொல்லும்படியாக இருக்கின்றன.

இல்லாதவற்றின் பட்டியலையும் போட்டுப் பார்த்தேன். நான் தினமும் பார்க்கிற லாரி ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கம் இல்லை. விடிகாலையில் என்னோடு ஓடுகிற பையன்கள் இல்லை. தேர்தல் இல்லை. பதினோரு நோட்டுகளையும் புரட்டி முடிக்கிற ஒருவருக்கு, இதைப் போட்டவன் எந்த ஊரில் இருந்தான் என்பது தெரியும். எந்தக் காலத்தில் இருந்தான் என்பது தெரியாது.

2

ஓட்டத்தைப் பற்றி முதலில். ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமி, தன் ஓட்டத்தைப் பற்றி 2007இல் ஒரு புத்தகம் எழுதினார். முப்பத்து மூன்றாவது வயதில், 1982இல் ஓட ஆரம்பித்தவர் அவர். மறு வருஷமே கிரீஸுக்குப் போய் ஏதென்ஸிலிருந்து மாரத்தான் வரை தனியாக ஓடினார். நாவல் எழுதுவதற்கு வேண்டிய தேகபலத்தையும் பிடிவாதத்தையும் சாலையில்தான் கற்றுக்கொண்டதாக அதில் சொல்கிறார். ஓடும்போது எதையும் யோசிப்பதில்லை, ஒரு வெறுமையைப் பெறுவதற்காகவே ஓடுகிறேன் என்ற பொருள்படவும் ஓரிடத்தில் எழுதுகிறார். நல்ல புத்தகம்தான். கலையை உடம்பின் தினசரிப் பழக்கமாகப் பார்க்கிற மனோபாவம் நமக்கு வேண்டியதே. அருள் வந்து எழுதுவதாகப் பாவனை செய்கிற தேசத்தில் இதை யாராவது சொல்லியாகவேண்டும்.

ஆனால் அந்த வெறுமை பெரம்பலூரில் கிடைப்பதில்லை. நாலே முக்காலுக்கு நான் அரியலூர் சாலையில் இறங்கும்போது எனக்கு முன்பே அங்கே இருபது, முப்பது பையன்கள் இருக்கிறார்கள். வெறுமையைத் தேடி வந்தவர்கள் இல்லை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடவேண்டும். அதற்காக ஓடுகிறார்கள். பி.எஸ்ஸி. முடித்தவன், பாலிடெக்னிக் முடித்தவன், அப்பாவோடு மக்காச்சோளக் காட்டில் மருந்தடித்துவிட்டு வந்தவன். ஒருவன் கையில் செல்போன், நேரம் பார்க்க. பாதிப்பேர் காலில் செருப்புகூட இல்லை. ஆறு ஐம்பத்தெட்டில் முடித்தவனுக்கும் ஏழு ஐந்தில் முடித்தவனுக்கும் இடையிலிருக்கிற ஏழு விநாடி, ஒரு குடும்பத்தின் அடுத்த முப்பது வருஷம். நானோ சர்க்கரைக்காக ஓடுகிறேன். டாக்டர் சொன்னார்.

ஆக, இந்தச் சாலையில் ஓடுவது என்பதே ஏற்கனவே ஓர் அரசியல் காரியம். யார் எதற்காக ஓடுகிறார்கள், யார் ஓடத் தேவையில்லாமல் தூங்குகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டேதான் ஓடவேண்டியிருக்கிறது. பக்கத்தில் சிமெண்ட் லாரிகள் போகின்றன. அவை போனபின் சற்று நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு ஓட எல்லோரும் பழகியிருக்கிறோம். இவ்வளவையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன் ராத்திரி உட்கார்ந்து பனைமரம் போடுகிறான். இது ஏன்?

3

எது படத்துக்கு உரியது என்ற தீர்மானம் நம் கைக்கு வருவதற்கு முன்பே யாரோ எடுத்துவிட்ட தீர்மானம் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். என் தலைமுறையின் அமெச்சூர்கள் ஓவியம் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல, பைண்டு செய்த வாரப் பத்திரிகைத் தொடர்களில். ஆனந்த விகடனில் சில்பி போட்ட 'தென்னாட்டுச் செல்வங்கள்' கோயில் சிற்பங்களைக் காகிதத்தில் திரும்பச் செதுக்கியது போலிருக்கும். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரு விமானத்தின் முன் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்த கண் அது. ஆனால் நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த உட்கார்தலை அல்ல. கோயில்தான் படத்துக்குரிய விஷயம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இதைவிடத் துல்லியமான உதாரணம் பழுவூர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது மணியம் படம் போட்டார். பழுவேட்டரையரின் மீசை, மார்புத் தழும்புகள், பழுவூர் இளையராணியின் பல்லக்கு எல்லாம் இன்றைக்கும் தமிழ் மத்தியதர வர்க்கத்தின் கண்ணுக்குள் மணியத்தின் கோடுகளாகவே இருக்கின்றன. அந்தப் பழுவூர் நிஜ ஊர். அரியலூருக்குத் தெற்கே கீழப்பழுவூர், மேலப்பழுவூர் என்று பஸ் நிற்கிறது. பழுவேட்டரையர் காலத்து இரட்டைக் கோயில் அங்கே நின்றுகொண்டிருக்கிறது. நான் சைக்கிளில் போய், கோயில் எதிரே உட்கார்ந்து படம் போட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் போட்டது மணியத்தின் பழுவூர். மரத்தடியில் ஒரு குதிரையைக்கூடச் சேர்த்திருந்தேன். அன்று என் முதுகுக்குப் பின்னால் சாலையில் போய்க்கொண்டிருந்த லாரிகளுக்குக் காகிதத்தில் இடமே இல்லை. ஊரில் உட்கார்ந்துகொண்டே ஊரைப் பார்க்காமல் இருக்க முடியும் என்பதை நிரூபித்த படம் அது. அதற்கு ஆபீஸில் நல்ல வரவேற்பு.

4

அப்படியானால் அமெச்சூர் அரசியலைப் போடுவதே இல்லையா? போடுகிறான். யாராவது இறந்துபோகும்போது போடுகிறான்.

2017 செப்டம்பர் 1 அன்று அரியலூர் மாவட்டம் குழுமூரில் அனிதா தற்கொலை செய்துகொண்டார். கூலித் தொழிலாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்து, நீட் தேர்வு முறையால் மருத்துவப் படிப்புக்கு இடமில்லாமல் போனவர். சுப்ரீம் கோர்ட்டு வரை போய் வாதாடிப் பார்த்தவர். அந்த வாரம் பெரம்பலூரில் ஓர் இரங்கல் கூட்டத்துக்குப் படம் வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். செய்தித்தாளில் வந்த போட்டோவைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, இரண்டு ராத்திரியில் கரிக்கோலால் முடித்தேன். மேடையில் வைத்தார்கள். அதன் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். சிலர் அழுதார்கள். பத்துப் பேராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தப் படம் பொய் என்று எனக்கு அன்றே தெரியும். சாயல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் நான் பார்த்தது என்று ஒரு கோடுகூட இல்லை. போட்டோ எடுத்தவர் பார்த்ததை, செய்தித்தாள் அச்சிட்டதை, கட்டங்களின் உதவியால் மறுபடி எழுதியிருந்தேன். குழுமூருக்கு நான் போனதில்லை. ஒரு பெண் அந்த மதிப்பெண்ணுக்காக உட்கார்ந்து படித்த வீடு எப்படியிருக்கும், எந்த வெளிச்சத்தில் படித்திருப்பார், பள்ளிக்கூடம் போக எங்கே பஸ் ஏறியிருப்பார் என்பதெல்லாம் என் கோட்டுக்குத் தெரியாது. துக்கம் உண்மை, படம் பொய். இரண்டும் ஒரே காகிதத்தில் சேர்ந்திருக்க முடியும் என்பதுதான் சங்கடம். மேடைக்கு இந்தச் சங்கடம் இல்லை. மேடைக்கு வேண்டியது முகம்.

முகத்திலிருந்து தப்பித்தவர் ஆதிமூலம். அவர் நமக்கு வெகு தூரத்து மனிதரும் அல்ல. பெரம்பலூருக்கு மேற்கே துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூர்க்காரர், 1938இல் பிறந்து 2008இல் மறைந்தவர். சிறுபத்திரிகை அட்டைகளிலும் தலைப்பெழுத்துகளிலும் அவர் கோட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். காந்தி நூற்றாண்டான 1969இல் அவர் போட்ட காந்திக் கோட்டோவியங்களை நினைத்துப் பாருங்கள். இந்த தேசத்தில் அதிகமாக நகலெடுக்கப்பட்ட முகம் காந்தியுடையது. ரூபாய் நோட்டிலும் இருப்பது அந்த முகம்தான். ஆதிமூலத்தின் கோடு அந்த முகச்சாயலை நம்பி நிற்கவில்லை. தோளின் சரிவு, முதுகின் வளைவு, உட்கார்ந்த உடம்பின் பிடிவாதம் இவற்றைப் பிடிக்கிறது. சில இடங்களில் கோடு உருவத்தைச் சுற்றிப் போகாமல் உருவத்துக்குள்ளேயே பாய்கிறது. இதற்கு முன்னால் 1930இல், தண்டி யாத்திரையை ஒட்டி, நந்தலால் போஸ் செய்த லினோ அச்சும் இப்படித்தான். கறுப்பில் வெள்ளைக் கோடு, கையில் கோல், முன்னால் சாய்ந்த உடம்பு. தலைவர் என்பதற்கு முன்னால் அவர் நடக்கிறவர். அரசியலை ஓவியம் உடம்பின் வழியாகப் பிடிக்கவேண்டும் என்பதற்கு இந்த இரண்டுக்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

5

பானையைப் பற்றிச் சொல்லவேண்டும். டிராயிங் படிக்கிற எவனும் பானையில்தான் ஆரம்பிக்கிறான். கழுத்து ஒரு நீள்வட்டம், வயிறு ஒரு பெரிய வளைவு, இடது பக்கம் வெளிச்சம். கட்சி, ஜாதி, காலம் எதுவும் ஒட்டாத சுத்த வடிவம் என்று நான் நினைத்திருந்ததும் பானையைத்தான். கை துருப்பிடித்திருந்தால் ஒரு பானை போட்டுச் சரிசெய்துகொள்வது என் வழக்கம். என் நோட்டுகளில் பானைகளுக்கு அடியில் எல்லாம் தேதி இருக்கிறது.

2019 நாடாளுமன்றத் தேர்தலில் சிதம்பரம் தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தொல். திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார். அவர் அரியலூர் மாவட்டத்து அங்கனூரைச் சேர்ந்தவர். அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் மூன்றும் அந்தத் தொகுதிக்குள் வருகின்றன. ஊர்ச் சுவரெல்லாம் பானை. சுண்ணாம்படித்த சுவரில், கட்டமோ காம்பஸோ இல்லாமல், தோளிலிருந்து ஒரே வீச்சில் அந்த வயிற்று வளைவைப் போட்டுவிட்டு அடுத்த சுவருக்குப் போகிறார்கள் சுவர் எழுதுகிறவர்கள். உதயசூரியனையும் இரட்டை இலையையும் இப்படியே ஆயிரக்கணக்கில் போட்டுப் பழகிய கைகள். இவர்களை 'பெயிண்டர்' என்று ஒதுக்கிவிட்டு நம்மை 'ஆர்ட்டிஸ்ட்' என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு அபத்தம் என்பது அந்த வளைவுக்குப் பக்கத்தில் என் வளைவை வைத்தால் தெரியும். அது ஒரே மூச்சில் போகிறது. என்னுடையது நூறு தரம் தயங்கிப் போகிறது.

ஏப்ரல் 18, வாக்குப்பதிவு தினம். செந்துறைப் பக்கம் பொன்பரப்பியில், சின்னமான பானையைத் தெருவில் போட்டு உடைத்ததைத் தொடர்ந்து மோதல் மூண்டது. தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. ஓடுகள் நொறுங்கிய வீடுகளையும், தலையில் கட்டுப் போட்டவர்களையும் படங்களில் பார்த்தோம். திருமாவளவன் 3219 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். வீடுகள் உடைந்தது உடைந்ததுதான்.

அந்த வாரம் நோட்டை எடுத்தேன். கை பழக்கத்தில் பானைக்குப் போயிற்று. கழுத்தைப் போட்டுவிட்டு நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் நான் சுத்த வடிவம் என்று போட்டுக்கொண்டிருந்தது, சற்றுத் தொலைவில் ஒருவன் வீட்டின்மேல் கல் விழக் காரணமாகக்கூடிய பொருள். பானை அன்று மாறிவிடவில்லை. அது எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. யார் வீட்டுப் பானையில் யார் தண்ணீர் குடிப்பார், யார் குடிக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? டீக்கடையில் தனி டம்ளர் வைத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவன்தானே நான்? தெரிந்ததைக் கை அறியாமல் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பெயர் ரஸனை என்று வைத்திருந்தேன்.

அமெச்சூரின் குறை பயிற்சிக் குறை என்பது பொதுவான எண்ணம். என் நோட்டுகளைப் பார்த்தபின் எனக்கு அந்த எண்ணம் போய்விட்டது. பயிற்சி போதுமான அளவு இருக்கிறது. தினசரி வாழ்க்கையில் தெரிந்துகொண்டது கோட்டுக்குள் வராமல் காவல் காப்பதற்கே அந்தப் பயிற்சி செலவாகியிருக்கிறது. இதிலிருந்து மீள்வதற்கு ஒரு கட்சிக் கொடியைப் படத்தில் சேர்த்தால் போதும் என்று யாராவது நினைத்தால், அவருக்கு என் கரிக்கோல் அனிதாவைக் காட்டுவேன். அங்கேயும் இதே காவல்தான். கொடியும் ஒரு பனைமரமாகிவிடும்.

6

இந்த ஊரில் நிர்வாகமும் கோடு போடுகிறது. 1995இல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டம் போட்டார்கள். 2001இல் அதற்குள் ஒரு கோடு இழுத்து அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். 2002இல் அந்தக் கோட்டை அழித்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி இழுத்தார்கள். ரேஷன் கார்டில், பட்டாவில், பள்ளிச் சான்றிதழில் ஊர்ப்பெயருக்குக் கீழே மாவட்டத்தின் பெயர் மாறி மாறி வந்தது. ஒரு மனு போடுவதற்கு எந்த ஊர் பஸ் ஏறவேண்டும் என்பதை அந்தக் கோடு தீர்மானித்தது. அழித்துத் திரும்பப் போடுகிற கோட்டுக்கு இங்கே இவ்வளவு பலம். காகிதத்தில் நான் போடுகிற கோட்டுக்கு அந்த பலம் வராது, வரவும் வேண்டாம். ஆனால் கோடு ஒன்றும் சாதுவான வஸ்து இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

தரைக்குக் கீழேயும் இதே கதை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி கடல் உயிர்களின் ஓடு. சுமார் 7 கோடி வருஷங்களுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் சிப்பி ஓடுகள் பாளம் பாளமாகக் கிடக்கின்றன. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அவற்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே அவை சிமெண்டாக மூட்டை கட்டி நாடு முழுக்கப் போகின்றன. ஓடு என்கிறோம் அந்தச் சிப்பியை. ஓடு என்கிறார் அதிகாரி விசிலடித்து. கூரையில் இருப்பதும் ஓடு. என் நோட்டில் இந்த மூன்றும் இல்லை.

சென்ற வருஷக் கடைசியில் பையன்கள் ஓடுவதைப் போட முயன்றேன். ஓட்டத்தை முடித்துவிட்டு, மூச்சு அடங்குமுன், மைல்கல்மேல் உட்கார்ந்து போடுவது. வியர்வை சொட்டிப் பேனா மை கலைந்தது. கை நடுங்கியது. கால்கள் வரவில்லை. நிற்கிற உடம்பையும் உட்கார்ந்த உடம்பையும் இருபது வருஷம் போட்ட கைக்கு, இரண்டு காலும் தரையில் படாத அந்தக் கணம் பிடிபடவில்லை. நாற்பது பக்கம் வீணாயிற்று. நாற்பத்தொன்றாவது பக்கத்தைப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஒரு பையன் சொன்னான்:

'அண்ணே, இவன் ஓடலண்ணே. நிக்கிறான். நின்னுக்கிட்டு ஓடுற மாரி காட்றான்.'

பதினோரு நோட்டுகளுக்கும் சேர்த்து எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் இது. 'அப்படியே இருக்கு சார்' என்று சொன்ன யாரும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அவன் தன் உடம்பால் பார்த்தான். ஓடுகிற காலுக்கு என்ன நேர்கிறது என்பது அவனுக்குத் தெரியும், தெரிந்தாகவேண்டும். அவனுக்கு அது ஏழு நிமிஷக் கணக்கு. நான் அவனுக்குப் பக்கத்தில் ஓடியும் அதைத் தெரிந்துகொள்ளவில்லை.

அவன் 1500 மீட்டரில் தேறி, கயிறு ஏறுவதில் போய்விட்டான். இப்போது சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறான். அரியலூர் சாலையில் என்னைத் தாண்டும்போது ஹாரன் அடித்துக் கையைக் காட்டுவான். அவன் லாரி கிளப்பிவிட்ட தூசிக்குள் நான் கொஞ்ச தூரம் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடுவேன்.

பன்னிரண்டாவது நோட்டு வாங்கியிருக்கிறேன். முதல் ஆறு பக்கமும் அந்த லாரிதான். இன்னும் அது நின்றுகொண்டுதான் இருக்கிறது.